உன் பெயரில் இருக்கும் என் வீடு

இன்று காலை ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. எழுந்ததும் முதல் வேலையாக வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டேன். சமையலறை, குளியலறை, பின்பக்கம் துணி துவைக்கும் இடம். முதலில் வெறும் காற்று இருமியது. பிறகு செம்மண் நிறத்தில் தண்ணீர், அதோடு துரு வாடை. அந்த வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் நான் செய்துகொண்டிருப்பது உன் வேலை என்று தெரிந்தது. வீடு விற்கிறவர்களிடம் நீ முதலில் சொல்வது இதைத்தான்: ஆள் வருவதற்குள் துருவெல்லாம் ஓடிப் போகட்டும். வாங்குகிறவரோடு போகும்போது நேர்மாறு. சொன்ன நேரத்துக்கு அரைமணி முந்திப் போய், உட்காரச் சொன்னாலும் உட்காராமல், நேராகக் குழாயடிக்குப் போவாய். இரண்டு பக்கத்துக்கும் நீயே தரகு பார்த்த நாட்களில் என்ன செய்தாய் என்று நான் கேட்டதே இல்லை. இனி கேட்கவும் முடியாது.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்தது பாதி வந்துவிட்டது. இந்த வீட்டை விற்கப் போகிறோம். மகன் ஜொகூரில் வேலையில் நிலைத்துவிட்டான். அவனோடு போய் இருக்கலாம் என்று இவர் முடிவு செய்துவிட்டார். "இங்க இனி என்ன இருக்கு?" என்று ஒருநாள் தேநீர் குடித்துக்கொண்டே கேட்டார். தலையாட்டினேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அவர்மேல் தப்பில்லை. நீ போனதிலிருந்து நான் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்த வீட்டை நீ எனக்குக் காட்டிய நாள் நினைவிருக்கிறது. அப்போது நமக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. நான் பட்டத்தை முடித்துவிட்டுப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நாம் ஒன்றாகச் சேர்ந்த கல்லூரியை நீ இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு, பசுந்தாங் தெருக்களில் செருப்புத் தேய வீடு காட்டிக்கொண்டிருந்தாய். தரகரைப் பர்மியர் சொல்கிற மாதிரி, தெருவே உன்னைப் புவேசாமா என்று கூப்பிட்டது. மூன்றாம் மாடிக்கு ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. நீ மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஏறினாய்.

"ஆறாவது மாடி விலை கம்மிதான். ஆனா தண்ணி ஏறாது, வெயில்ல வீடே கொதிக்கும், கூரை ஒழுகும். கீழ்மாடி வேணாம், சாக்கடை வீட்டுக்குள்ள வந்துரும். உனக்கு மூணாவதுதான்டி. கெழவி ஆனாலும் ஏறிருவ."

"நீ ஏறிருவியா?"

"நான் எதுக்கு ஏறணும்? கயித்துல கூடையக் கட்டி விடு, அதுல உக்காந்து வர்றேன்."

ஒரு வீட்டை மூன்று தரம் பார்க்க வேண்டும் என்பது உன் கணக்கு. பெருமழையில் ஒரு தரம், கரண்ட் இல்லாதபோது ஒரு தரம், கூட யாரும் இல்லாமல் ஒரு தரம். மழையில் போனபோது நீ சுவரைப் பார்க்கவில்லை, கூரையின் மூலைகளைத்தான் பார்த்தாய். புதிதாக ஒரு மூலைக்கு மட்டும் வெள்ளையடித்திருந்தால் அங்கே ஒழுக்கு இருக்கிறது என்றாய். பிறகு என்னைக் கீழ்வீட்டுக்குக் கூட்டிப் போய், அங்கிருந்த பர்மிய அம்மாளிடம் மேல்வீட்டைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல், அவள் வாங்கும் மீனைப் பற்றியே கால்மணி நேரம் பேசினாய். வெளியே வந்ததும், "வாங்கலாம். மேல இருந்தவங்களப் பத்தி ஒரு தடவகூட மூஞ்சியச் சுளிக்கல பாத்தியா?" என்றாய்.

மூன்றாவது தரம் தனியாக வந்தேன். காலி வீட்டின் நடுவில் நின்றேன். எதிர்மாடியில் யாரோ உள்ளி வதக்கினார்கள். இங்கே இருக்கலாம் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

பிறகு நாம் அந்தத் தப்பைச் செய்தோம்.

எனக்கும் இவருக்கும் அப்போது முழுக் குடியுரிமை அட்டை வரவில்லை. பாட்டன் காலத்துக் காகிதம் கேட்டு அலுவலகத்தில் இழுத்தடித்தார்கள். கட்டடக்காரரோ முழு அட்டை உள்ளவர் பெயரில்தான் ஒப்பந்தம் எழுதுவேன் என்று நின்றார். உன் அப்பா நகரசபை வேலையில் இருந்தவர். உங்கள் வீட்டுக் காகிதமெல்லாம் ஒழுங்கு. "எம் பேர்ல எழுதிட்டுப் போ. அட்டை வந்ததும் மாத்திக்க" என்றாய். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "அடுத்தவன் பேர்ல வீடு வாங்காதே, அண்ணன் தம்பியா இருந்தாலும் வாங்காதே" என்று சொல்லும் வாய்தான் அதையும் சொன்னது. நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். ஒரு வெள்ளைத்தாளில், இந்த வீடு உண்மையில் இன்னாருடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாய். நான் அதைப் புடவை மடிப்பில் வைத்தேன்.

நான்கு வருடத்தில் அட்டை வந்தது. பெயரை மாற்றவில்லை. கட்டடக்காரர் இறந்துபோனார், அவர் பிள்ளைகள் வெளியூரில் இருந்தார்கள், பள்ளியில் பரீட்சை வந்தது, மழை வந்தது. ஊரில் பாதித் தமிழர் வீடு இப்படித்தான் யாரோ ஒருவர் பெயரில் இருக்கிறது. உயிரோடு இருக்கிற வரைக்கும் அது யாருக்கும் தப்பாகத் தெரிவதில்லை.

ஆஸ்பத்திரியில், குரல் போவதற்கு முந்தின நாள், நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டாய். "அந்தக் காகிதத்த மாத்திட்டியாடி?"

"எப்பவோ மாத்தியாச்சு" என்றேன்.

"நல்லது" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாய். உன்னிடம் நான் சொன்ன கடைசிச் சொல் அந்தப் பொய்தான். நான் அழவில்லை. படிகளை எண்ணிக்கொண்டே கீழே இறங்கினேன். இன்னும் அங்கேயே இறங்கிக்கொண்டிருப்பது போல் இருக்கிறது.

இப்போது வாரிசாக உன் மகள் கையெழுத்துப் போட்டால்தான் இந்த வீட்டை விற்க முடியும். தேவி போன ஞாயிற்றுக்கிழமை வந்தாள். உனக்குத் தெரியாது, நீ போன மூன்றாம் மாதமே உன் வாடகை வீட்டைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் ஓர் அறை எடுத்திருக்கிறாள். தினமும் படகேறி வந்து மருந்துக்கடையில் நிற்கிறாள். வீட்டில் குடியிருப்பவர்கள் பெயரை வார்டு அலுவலகத்தில் பதிகிற வீட்டுப் பட்டியலில் அவள் பெயரைச் சேர்க்க மாட்டேன் என்கிறாளாம் வீட்டுக்காரி. அதனால் விருந்தாளி மாதிரி வார்டு அலுவலகத்தில் திரும்பத் திரும்பப் பதிந்துகொண்டே இருக்கிறாள். இதை அவள் குறையாகச் சொல்லவில்லை. படகில் கூட்டம் என்று சொல்வது போலச் சொன்னாள். எனக்கு அதற்குமுன் தெரியாது. கேட்டதில்லை என்பதுதான் உண்மை.

ஒப்பந்தத்தை அவள்முன் வைத்தேன். பர்மிய எழுத்தில் உன் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"எங்க போடணும், சின்னம்மா?"

"இன்னிக்கு இல்லை. வெள்ளிக்கிழமை வார்டு அலுவலகத்துல. முதல்ல படி. படிக்காம போடாதே, உங்கம்மா உயிரோட இருந்தா கைய ஒடைப்பா."

"நீங்களா எங்கள ஏமாத்தப் போறீங்க?" என்று சிரித்தாள். உன் பல்வரிசை. பிறகு சுவர், சன்னல், கூரை எல்லாவற்றையும் பார்த்தாள். மூலைகளைத்தான் முதலில் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் வீடு காட்டினாங்க எங்கம்மா. எங்களுக்கு ஒண்ணு காட்டல. கடைசியில அவங்க பேர்ல இருக்கிற ஒரே வீடு உங்க வீடு. நல்ல புவேசாமா போங்க."

நானும் சிரித்தேன். அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். சர்க்கரையை இரண்டு தரம் போட்டிருக்கிறேன், அவள் அப்படியே குடித்துவிட்டாள்.

இன்று ஒன்பது மணிக்கு வந்தவர்கள் மாவ்பியில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பம். இவர் கடைக்கு வருகிற ஒருவர் சொல்லி வந்தார்கள். பிள்ளைகளை இங்கே படிக்க வைக்க வேண்டுமாம். கோழிப்பண்ணைக்காரர் இவரோடு முன்பக்கம் நின்று மீட்டர் பெட்டி யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். கேட்க வேண்டிய கேள்விதான். அவர் மனைவி என்னோடு சமையலறைக்கு வந்தாள். குழாயைத் திறந்தாள். தெளிந்த தண்ணீர் வந்தது. மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"வீடு நல்லாத்தான் இருக்கு. ஏன்க்கா விக்கிறீக?"

"அவர் சொல்றார்" என்றேன்.

சொல்லி முடித்ததும் உன் சத்தம் கேட்டதாக எழுதினால் அது பொய். ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஆனால் வீட்டை விற்றுத்தர உன்னை ஒருமுறை கூப்பிட்ட முஸ்லிம் அம்மாள் நினைவுக்கு வந்தாள். ஓடைக்கரைப் பக்கம் இரண்டாம் மாடி, நல்ல காற்று, வாங்க ஆள் தயார். நானும் அன்று உன்னோடு வந்திருந்தேன். ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டாய். மகன் சொல்கிறான் என்றாள். நீ கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாய். படியிறங்கும்போது, வந்த வியாபாரத்தை ஏன் விட்டாய் என்று உன்னைத் திட்டினேன். "காரணம் அவங்க வாயிலேர்ந்து வரணும். இல்லேன்னா கையெழுத்துப் போட்ட மறுநாள் வந்து எங்கிட்ட அழுவாங்க. நான் வீடுதான் மாத்திக் குடுப்பேன், மனச மாத்த எனக்குத் தெரியாது" என்றாய்.

கோழிப்பண்ணைக்கார அம்மாளுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. அவளும் அப்படித்தான் வந்திருப்பாள் போல. "எங்க வீட்லயும் அவர் சொல்றதுதான்" என்றாள். நல்ல பெண். போகும்போது படியில் நின்று, மழையில் ஒரு தரம் வந்து பார்க்கலாமா என்று கேட்டாள். வாருங்கள் என்றேன்.

அவர்கள் போனதும் இவர் சந்தோஷமாக இருந்தார். "முடிஞ்ச மாதிரிதான். வெள்ளிக்கிழமை தேவி போட்டுட்டா ஆச்சு" என்றார். நான் தலையாட்டினேன். பிறகு கடைக்குப் போனார். யாரும் இல்லாத வீட்டின் நடுவில் நின்று பார்த்தேன். இது யாரோ தூக்கிக் கொடுத்துவிட்டுப் போன வீடு மாதிரி இருந்தது, நான் இருபது வருடமாக அதற்குள் இருக்கிறேன். போக வேண்டும் என்றும் தோன்றவில்லை, இருக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. ஆனால் விற்பதற்குக் காரணம் தேடிப் பார்த்தேன். என் வாயில் ஒன்றுகூட வரவில்லை. அது ஒன்றுதான் நிச்சயமாகத் தெரிந்தது.

இவர் போகட்டும். மகனோடு இருக்க ஆசைப்படுகிறார், அந்தக் காரணம் அவர் வாயிலிருந்து வருகிறது. நான் பிறகு போய்ப் பார்த்துவிட்டு வரலாம், போகாமலும் இருக்கலாம். கோபப்படுவார். அந்த மாவ்பிப் பெண்ணிடமும் அடுத்த பெருமழைக்கு முன்னால், அவள் திரும்பி வருவதற்குள், சொல்லிவிட வேண்டும்.

உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது ஒரு பெயர். கரண்ட் பில்லில், ஒப்பந்தத்தில், கீழே கூடத்தில் தபால்பெட்டியில் உன் பெயர் இருக்கிறது. அதை மாற்றவில்லை என்று இத்தனை நாள் வெட்கப்பட்டேன். இப்போது மாற்றப் போவதில்லை.

வெள்ளிக்கிழமை தேவியோடு வார்டு அலுவலகத்துக்குப் போவேன். விற்பனைக் காகிதத்தைக் கொண்டுபோக மாட்டேன். எங்கள் வீட்டுப் பட்டியலில் அவள் பெயரையும் சேர்க்க மனு கொடுக்கப் போகிறேன். பின்னறையில் இருக்கும் பெட்டிகளை எடுத்துவிட்டால் ஒரு கட்டில் போடலாம். இவரிடம் இன்னும் சொல்லவில்லை. அவளிடமும் சொல்லவில்லை.