வெளியே என்றொரு சொல்

மார்ச் 4, திங்கள்

தண்ணீர் கொதித்த பிறகும் அடுப்பை உடனே அணைக்கவில்லை. கொஞ்ச நேரம் நன்றாகக் கொதிக்க விட்டு, மூடி வைத்து ஆற்றி, கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றி மேசையில் வரிசையாக வைத்தேன். வேலைக்குக் கிளம்பிய மகள் அந்த வரிசையைப் பார்த்துவிட்டு, "அப்பா, இது வீடா லேபா?" என்றாள். பாலம் கட்டுகிறவளுக்குத் தண்ணீர் என்றால் கீழே ஓடுவது மட்டும்தான் போலிருக்கிறது.

மனைவி எனக்குத் தண்ணி இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்துவிட்டாள். சிரிக்கட்டும். இந்த வெயில் நாட்டுக்கு வர எனக்கு மனமே இல்லை. மகள் கூப்பிட்டபோதெல்லாம் ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப்போட்டேன். "நீங்க வரலைன்னா நான் தனியாப் போறேன்" என்று மனைவி பெட்டியைக் கட்டிய பிறகுதான் கிளம்பினேன். தனியாக அனுப்பிவிட்டு அங்கே உட்கார்ந்து பயப்படுவதற்கு, கூடவே வந்து பயப்படலாம்.

மார்ச் 6, புதன்

மாலையில் நானும் மனைவியும் கடைத்தெருவுக்குப் போனோம். வண்டியில் ஒருவர் பழங்களைத் துண்டு போட்டு அடுக்கி வைத்திருந்தார். இவள் நின்றுவிட்டாள். யாரோ வெட்டி வைத்தது வேண்டாம், தோலோடு வாங்கி நாமே உரித்துச் சாப்பிடலாம் என்றேன்.

"அதையும் கொதிக்க வச்சுத் தாங்க, சாப்பிடறேன்."

சொல்லிவிட்டு விடுவிடுவென்று முன்னால் நடந்தாள். சூடான சாப்பாடு, ஐஸ் போடாத பானம், உரித்த பழம். அதிகமாகத்தான் கெடுபிடி செய்கிறேனோ? ஆனால் நம் வயதில் ஒரு நாள் வயிறு கெட்டாலும் தாங்குமா?

மார்ச் 8, வெள்ளி

மகள் பாலத்து வேலைக்காக ஆற்றோரம் போயிருக்கிறாள். திரும்பச் செவ்வாய் ஆகும். அங்கே போன் சரியாக எடுக்காதாம். "அப்பா, அம்மாவைப் பாத்துக்கோங்க. அம்மா, அப்பாவை அடக்கி வை."

மார்ச் 9, சனி

காலையில் இவள் முகம் சரியில்லை. காப்பி வேண்டாம் என்றாள். உடம்பு லேசாகச் சுட்டது. "விடிஞ்சதுலேர்ந்து அஞ்சாறு தடவை வெளியே போயிட்டேன்" என்றாள். வயிற்று விஷயத்துக்கு எங்கள் வீட்டில் வேறு சொல் கிடையாது. அவள் அம்மா வீட்டிலும் இல்லை, என் அம்மா வீட்டிலும் இல்லை. வெளியே போவதுதான்.

தெருமுனை மருந்துக்கடைக்கு ஓடினேன். நல்ல கூட்டம். என் பக்கத்தில் இரண்டு இளம்பெண்கள் நின்றார்கள். கடைக்காரருக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தது. குரலைத் தாழ்த்தி, "என் மனைவி காலையிலிருந்து பல முறை வெளியே போய்விட்டாள். மிகவும் களைத்திருக்கிறாள். உடம்பு சுடுகிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வயதைக் கேட்டார். சொன்னதும், ஐயோ பாவம் என்கிற மாதிரி தலையை ஆட்டினார். ஒரு பெட்டி குளுக்கோஸ் மாவும் காய்ச்சல் மாத்திரையும் கொடுத்து, இந்த வெயிலில் வெளியே விடாதீர்கள் என்றார்.

எப்படி விடாமல் இருப்பது? அவர்கள் பேசும் முறை அப்படியோ என்னவோ. வெயிலுக்கும் வயிற்றுக்கும் சம்பந்தம் இருக்கலாம். திரும்பிப் போய்க் கேட்டிருக்க வேண்டும். கூட்டத்தில் கேட்கக் கூச்சமாக இருந்தது.

மார்ச் 10, ஞாயிறு

குறையவில்லை. குளுக்கோஸைக் கரைத்துக் கரைத்துக் கொடுக்கிறேன். தெம்பு வரட்டும் என்று கொஞ்சம் தாராளமாகவே போடுகிறேன். ஒவ்வொரு டம்ளருக்குப் பிறகும் எழுந்து ஓடுகிறாள். கசப்பு மருந்தா கொடுத்தேன், இனிப்புத்தானே? அவளுடைய வழக்கமான பிரஷர் மாத்திரையையும் நேரம் தவறாமல் கொடுத்துவிட்டேன்.

பகலில் குளியலறையிலிருந்து வரும்போது சுவரைப் பிடித்தபடி கீழே உட்கார்ந்துவிட்டாள். நாக்கு காய்ந்து கிடக்கிறது. கண் குழி விழுந்திருக்கிறது. டாக்டரிடம் போவோமா என்றால், "செவ்வாக்கிழமை அவ வந்துடட்டுங்க" என்கிறாள். மகளுக்குப் போன் போகவில்லை. சிறுநீர் போனாளா என்று கேட்க வேண்டும் என்று தோன்றியது. வாய் வரவில்லை.

செவ்வாய் வரை பொறுக்கலாமா? யாரைக் கேட்பது?

மார்ச் 11, திங்கள்

பொறுக்கவில்லை. காலையில் அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. எதிர்வீட்டுக்காரர் காரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுவந்து விட்டார்.

டாக்டரம்மாவுக்கு மகள் வயதுதான் இருக்கும். இவள் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். கிள்ளிய இடம் மடிப்பாகவே நின்று மெல்லத்தான் இறங்கியது. என்ன செய்கிறது என்று என்னைக் கேட்டார். கடையில் சொன்ன அதே வாக்கியத்தைச் சொன்னேன். சனிக்கிழமையிலிருந்து பல முறை வெளியே போய்விட்டாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். இந்த நிலைமையிலா வெளியே போனார்கள்? எங்கே?

எங்கே.

மொழிபெயர்ப்பு அலுவலகத்திலேயே என் உத்தியோக காலம் முழுவதையும் கழித்தவன் நான். அரசாணையில் ஒரு சொல் பிசகினால் ராத்தூக்கம் போய்விடும் எனக்கு. வெளியே என்பதை வெளியே என்றே சொல்லிவிட்டு, அந்த மனிதர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அவருக்குப் புரிந்தது, ஒரு கிழவி வெயிலில் ஊர் சுற்றுகிறாள் என்பதுதான்.

டாக்டரம்மாவுக்கு அதற்குள் விளங்கிவிட்டது. எத்தனை தடவை, எப்படிப் போகிறது, ரத்தம் உண்டா என்று அடுக்கினார். நான் இவள் பக்கம் திரும்பிக் கேட்டேன்.

"இதெல்லாமா கேப்பாங்க?" என்று சுவரைப் பார்த்தாள்.

"சொல்லும்மா. ரத்தம் இருக்கா?"

"நேத்துலேர்ந்து இருக்கு."

"ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே."

குற்றம் சொல்கிற குரல் இல்லை. கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை, அவ்வளவுதான். நான் டாக்டர் பக்கம் திரும்பி, வாழ்க்கையில் வாயால் சொல்லியிராத சொற்களையெல்லாம் சொன்னேன். மலம். தண்ணீராக. ரத்தத்தோடு. காது மந்தமான டாக்டரிடம் சொல்வதைப் போல உரக்கச் சொல்லியிருக்கிறேன் போல. காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

டிரிப்ஸ் ஏறுகிறது. குளுக்கோஸ் பெட்டியைக் காட்டியதும் டாக்டரம்மா ஓரமாகத் தள்ளி வைத்தார். உப்பில்லாமல் வெறும் இனிப்பை அவ்வளவு கெட்டியாகக் கொடுத்தால் அது குடலுக்குள் இன்னும் நீரை இழுக்குமாம், போக்கு அதிகமாகுமாம். நீர் வற்றிய உடம்புக்குப் பிரஷர் மாத்திரையும் ஆகாதாம். தான் சொல்லும்வரை நிறுத்தச் சொன்னார். போக்கை நிறுத்தும் மாத்திரை ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். இல்லை. ரத்தமும் காய்ச்சலும் இருக்கும்போது அதைக் கொடுத்திருந்தால் இன்னும் ஆபத்தாம். அந்த ஒன்றை நான் செய்யவில்லை. வாங்கத் தெரியாததால் செய்யவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

சிறுநீர் இன்னும் வரவில்லை. டாக்டரம்மா சிறுநீரகம் என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நாளைக் காலைவரை பார்ப்போம் என்றார்.

நர்ஸ் இவளுடைய பல் செட்டைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் என் கையில் கொடுத்து, சுத்தமான தண்ணீரில் போட்டு வையுங்கள் என்றார். குழாயடிக்குப் போய்த் திருகில் கையை வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். வந்த நாளிலிருந்து தினமும் பல் கிண்ணத்துக்குத் தண்ணீர் பிடித்து வைப்பவன் நான்தான். குழாயிலிருந்து. குடிக்கிற தண்ணீர் இல்லையே என்று. காலையில் அதிலிருந்து எடுத்து நேரே வாயில் மாட்டிக்கொள்வாள்.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். அதாகவும் இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம், இப்போது கண்டுபிடிக்க முடியாது என்றார். பழி என் மேல் விழாதபடி இடம் விட்டுப் பேசுகிறார்.

மகள் ஆற்றோரத்திலிருந்து நேரே வந்தாள். செருப்பெல்லாம் சேறு. "கடைக்காரர்கிட்ட என்னன்னுப்பா சொன்னீங்க?" சொன்னேன். "வெளியே போறாங்கன்னு சொன்னா அவர் என்னப்பா பண்ணுவாரு? குடைதான் குடுப்பாரு." சிரிக்க ஆரம்பித்தாள். பிறகு அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. டிரிப்ஸ் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவள் போய்விட்டால் என்று எழுதத் தொடங்கினேன். அடித்துவிட்டேன்.

மார்ச் 13, புதன்

சிறுநீர் கழித்தாள். நானே வராந்தாவில் ஓடிப் போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன், நேரான சொல்லில்.

மார்ச் 16, சனி

நேற்று வீட்டுக்குக் கூட்டிவந்தோம். ஐந்து கிலோ இளைத்திருக்கிறாள். வளையல் முழங்கைவரை ஏறுகிறது. உப்பு-சர்க்கரைப் பொட்டலம் ஒன்றுக்கு ஒரு லிட்டர் ஆறிய தண்ணீர். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. வாந்தி வந்தால் கொஞ்சம் பொறுத்து, மறுபடி ஸ்பூன் ஸ்பூனாக. கூடவே குழைந்த சோறும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வயிற்றைக் காயப்போடக் கூடாதாம்.

பல் கிண்ணத்தில் ஆறிய தண்ணீரை ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். "பல்லுக்கும் வந்துட்டாரா இன்ஸ்பெக்டர்?" என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது. ஆனால் கேலி பழைய கேலிதான்.

குளியலறையிலிருந்து வந்ததும், "எப்படிப் போச்சு? தண்ணியாவா, கெட்டியாவா?" என்று கேட்கிறேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாயங்காலம் தானாகவே, "கெட்டி" என்று சொல்லிவிட்டுப் படுத்தாள். கொஞ்சம் கழித்து, "கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல நீங்க என்கிட்ட இவ்வளவு பேசினதில்லைங்க" என்றாள்.

மார்ச் 19, செவ்வாய்

மருந்துக்கடைக்குப் போனேன். அந்த மனிதர் முகம் மலர்ந்து, அம்மா வீட்டில்தானே இருக்கிறார்கள் என்று விசாரித்தார். நடந்ததை விளக்கலாமா என்று நினைத்தேன். ஆமாம், வீட்டில்தான் இருக்கிறாள் என்றேன். உப்பு-சர்க்கரைப் பொட்டலம் என்று தெளிவாகச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 23, சனி

புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து, "ஏங்க, நான் வெளியே போயிட்டு வரேன்" என்றாள். கை நின்றுவிட்டது.

"எந்த வெளியே?"

திரும்பிப் பார்த்தேன். சேலை மாற்றி, செருப்புப் போட்டு, கையில் பையோடு வாசற்படியில் நின்றாள்.

"கடைக்கு. உரிச்சுச் சாப்பிடற பழமாத்தான் வாங்குவேன்."

தலையை ஆட்டினேன். படியிறங்கும் சத்தம் கேட்டது, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து. நல்ல வெயில். கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு புட்டித் தண்ணீரையும் குடையையும் எடுத்துக்கொண்டு நானும் இறங்கினேன்.