கயல் வரைஞ்ச தாத்தா

ஐப்பசி 6, வியாழன்
விடியலேருந்து தூறல். ரோட்டுல கொட்டுன குறுவை நெல்லு தார்ப்பாய்க்குள்ள புழுங்குது. ஈரம் கூடன்னு கொள்முதல் நிலையத்துல இன்னைக்கும் எடுக்கல.

கயல் வந்துட்டா, சென்னையிலேருந்து. பொட்டியில துணி கொஞ்சம், மிச்சமெல்லாம் ஒயரு. என் மக பெத்த பேத்தி, அவ தாத்தாவைப் பத்திப் படம் எடுக்கறா. ஆளுங்க நடிக்கறது இல்ல. எல்லாம் அவளே வரைஞ்சு நகர வைக்கறா, ஆனா நெசமா நடந்தது.

பக்கத்து வீட்டு செல்வி, "பொம்மைப் படமா அத்தை?"ங்கறா. ஆமாண்டி, ஒன் மவனை வரையச் சொல்லு பாப்பம்னேன்.

இவரு பட்டாளத்துல இருந்தப்ப இலங்கைக்கு அனுப்புனாங்க. அங்க ஒரு நாள் இவருக்கு ஞாபகத்துலயே இல்ல. முந்தின நாள் தெரியும். ஆஸ்பத்திரியில முழிச்சது தெரியும். நடுவுல ஒன்னுமில்ல. கயல் கேட்டப்ப இவரேதான் சொன்னாரு, "கண்டுபிடிச்சா எனக்கும் காட்டு."

வெள்ளி
பாபநாசம் போனது. பிரஷர் மாத்திரை, தே.எண்ணெய், கயலுக்கு நெத்திலிக் கருவாடு. பஸ்ல உக்கார எடமில்ல.

கயல் கண்டுபிடிச்சுட்டாளாம். பட்டாளத்துல இவரோட இருந்த கும்பகோணத்து கோவிந்தண்ணன் சொல்லியிருக்காரு. அதை வரைஞ்சும் முடிச்சுட்டா.

"தாத்தாவுக்குக் காட்டலாமா வேணாமா, நீ பாத்துட்டு சொல்லு அம்மாச்சி."
"நான் அஞ்சாங்கிளாசு. என்னைப் போயி கேக்கற."
"நீதான அவரோட இருக்க."

முழங்கால் வலி. தைலம் தீந்துபோச்சு.

சனி
இவரு முடி வெட்டப் போன நேரத்துல பாத்தேன்.

பனையோலை வேலி. ஒரு ஓட்டு வீடு. வெளியில பட்டாளம். அதுல ஒரு சின்ன வயசு ஆளு, மூக்கு அப்படியே இவரு மூக்கு. கோவிந்தண்ணன் குரல்தான் கதை சொல்லுது. அந்தக் கூட்டத்துல தமிழ் தெரிஞ்சது இவங்க ரெண்டு பேருக்குத்தானாம். அன்னைக்கு கோவிந்தண்ணனுக்குத் தொண்டை கட்டியிருந்ததாம். அதனால உள்ள இருக்கறவங்களை இவரை விட்டுக் கூப்பிடச் சொன்னாங்களாம்.

"வெளியில வாங்க. ஒன்னும் ஆவாது. நம்ம ஆளுதான், வாங்க."

நம்ம தமிழ் கேட்டு வந்தாங்க. ஒரு பொம்பளை, ஒரு கெழவரு, பின்னாடி ஒரு பொட்டப் புள்ளை. முத்தத்துக்கு வந்ததும் வெடிச் சத்தம். யாரு சுட்டது, எந்தப் பக்கம், கோவிந்தண்ணனுக்கும் தெரியாதாம். அப்பறம் படம் வெள்ளையா நிக்குது. சத்தமும் இல்ல.

அழுவறியா அம்மாச்சின்னா. அழுவல. மாவு பொங்கியிருக்கும்னு எழுந்து போனேன். பொங்கல.

சாயங்காலம். இந்த வீட்டுக்கு யாரு வந்தாலும் இவரு வாங்கன்னு சொன்னதே கிடையாது. தலையை ஆட்டுவாரு, அவ்வளவுதான். நான் அடுப்படியிலேருந்து ஓடியாந்து சொல்லுவேன். மகளோட தலை தீபாவளிக்கு வந்த சம்பந்தியம்மா வாசப்படியிலயே நின்னுட்டாங்க. "பட்டாளத்தாருக்கு வாயி நோவுதோ?" சாப்பிடாமப் போனாங்க. அப்பறம் வரவே இல்ல. கர்வம் புடிச்ச வீடுன்னு பேரு. பேரு இருக்கட்டும்னு நானும் தலை நிமுந்துதான் நடந்தேன். இவரை ஒரு வார்த்தை கேட்டதில்ல. அது என் கர்வம்.

ஞாயிறு
வெயில் வந்து போச்சு. நெல்லைக் கிண்டி விட்டோம்.
கருவாட்டுக் கொழம்பு. இவரு தட்டு முன்னால உக்காந்து கேட்டாரு.
"புள்ளை படம் படம்னா. எங்க?"
கொழம்பை ஊத்துனேன்.
"நீ பாத்துட்ட."
"பாத்தேன்."
"மோசமா?"
"சோறு ஆறுது, சாப்பிடுங்க."
சாப்பிட்டாரு. ரெண்டாந்தரமும் போட்டுக்கிட்டாரு.

பொழுது போவல. வெந்தயம் பொடைச்சேன், பொடைச்சதையே திரும்பப் பொடைச்சேன். காட்டலேன்னா இப்படியே இருப்பாரு, நல்லாத்தான் இருக்காரு. காட்டுனா என்ன ஆவாரோ. ஆனா அது அவரோட நாளு. நான் யாரு எடுத்து ஒளிச்சு வைக்க. கயல்கிட்ட, நாளைக்குக் காட்டுன்னுட்டேன்.

திங்கள்
நெல்லு எடுத்துட்டாங்க. மூட்டை ஏத்தியாச்சு. மழை மறுபடி.

டிபன் ஆனப்பறம் கயல் கம்ப்யூட்டர் பொட்டியைத் தொறந்து வச்சா. இவரு கண்ணாடியைத் தொடைச்சுப் போட்டுக்கிட்டாரு. நான் பக்கத்துல, கீரை ஆஞ்சுக்கிட்டு. பாதியில கை நின்னுபோச்சு.

முடிஞ்சுது. கோவிந்துக்கு அந்தக் கொரல் இப்பவும் கரகரன்னுதான் இருக்குன்னாரு. தண்ணி கேட்டாரு. குடிச்சாரு. இன்னொரு தரம் போடச் சொன்னாரு. அந்தப் பொட்டப் புள்ளை வாசலைத் தாண்டற எடத்துல நிறுத்துன்னாரு.

"செருப்புப் போட்டிருக்கியே பாப்பா இதுக்கு. வெறுங்காலு அது. கல்லு குத்தும்னு எட்டி எட்டி வச்சு வந்துச்சு."

கயல் என்னைப் பாக்கறா.

"ஞாபகம் வந்துருச்சா தாத்தா?"

"இல்ல. செருப்பை மட்டும் எடுத்துரு."