அப்பாவின் மாத்திரைகள்

திங்கள்

தம்பிக்கு,

நலம். நீயும் நலமென்று வைத்துக்கொள்கிறேன். விசாரித்துக்கொள்ளும் நிலையில் நாம் இல்லை. கூடத்தின் நடுவே நீ சுவர் எழுப்பியதிலிருந்து முன்வாசல் எனக்கு, பின்வாசல் உனக்கு. அப்பா மட்டும் பகலில் என் பக்கம், ராத்திரி உன் பக்கம். ராத்திரியில் அவர் குடிக்கும் பிராந்தியை நிறுத்து. காலையில் சாப்பாட்டைத் தொடுவதே இல்லை. முன்பே மஞ்சள் காமாலை வந்த உடம்பு.

அண்ணன்

செவ்வாய்

அன்புள்ள அண்ணா,

நான் ஊற்றவில்லை, அவரே ஊற்றிக்கொள்கிறார். தடுத்தால், "உங்க அண்ணன மாதிரி நீயும் வாத்தியார் வேலை பாக்காதடா" என்கிறார். சளியும் காய்ச்சலும் விடவில்லை, சளி மாத்திரை கொடுக்கிறேன். பகலில் நீ என்ன கொடுக்கிறாய்? அவரைக் கேட்டால், "இந்தப் பக்கத்து சேதிய அந்தப் பக்கம் சொல்லக்கூடாது, உங்க சட்டந்தானேடா அது" என்று சிரிக்கிறார். ஒரு வரி எழுது.

தம்பி

புதன்

தம்பிக்கு,

என் பக்கத்தில் நடப்பதை உனக்கு ஒப்பிக்கும் கடமை எனக்கில்லை. சுவர் எழுப்பும்போது என்னைக் கேட்டாயா? அப்பாவின் முதுகுவலிக்கு என்ன தருவதென்று தெரியாத அளவுக்கு நான் படிக்காதவனல்ல.

அண்ணன்

சனி

அண்ணா,

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். கண் மஞ்சளாகிவிட்டது, பேச்சு குழறுகிறது. பகலில் என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்கிறார். நீ போனை எடுக்கவில்லை. ஆட்டோக்காரர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கோபமெல்லாம் அப்புறம். பெயரை எழுது.

தம்பி

சனி, மாலை

தம்பிக்கு,

பாராசிட்டமால். காலையும் மதியமும் இரண்டிரண்டு. வலி தாங்கவில்லையென்றால் மாலையிலும். ஊரே விழுங்கும் மாத்திரை, அதனால் ஒன்றும் வந்திருக்காது. உன் வீட்டுப் பிராந்தியைப் பற்றி டாக்டரிடம் வாயைத் திறந்தாயா?

அண்ணன்

ஞாயிறு

அண்ணா,

திறந்தேன். நான் கொடுத்த சளி மாத்திரைக்குள்ளும் அதே பாராசிட்டமால் இருந்ததாம். பகலில் உன் கையால், ராத்திரி என் கையால். வெறும் வயிறு, பிராந்தி, முன்பே கெட்டிருந்த ஈரல். யார் கொடுத்தது அதிகம் என்று கேட்டேன். "ஈரலுக்கு அதெல்லாம் தெரியாது சார்" என்றார் டாக்டர்.

விடியற்காலையில் அப்பா போய்விட்டார்.

வண்டியில் ஏற்றியாயிற்று. எந்த வாசலில் இறக்க வேண்டுமென்று வண்டிக்காரர் கேட்கிறார். நீ சொல்லியனுப்பும்வரை தெருமுனையில் நிற்கிறோம்.

தம்பி