முகம் இல்லாத படம்

மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது ஃபோன் அதிர்ந்தது. பூச்சிப் படங்களைப் பார்த்து இனம் சொல்லும் நம் ஃபோன் குழுவில் உன் கடைசிப் படத்துக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். காத்திவாக்கத்தில் உன் வீட்டுக்குப் பின்னால் நீ எடுத்த ஹோவர்ஃப்ளை. தேனீ வேஷம் போட்டு அந்தரத்தில் நிற்குமே, அந்த ஈ. நீ போய் ஆறு மாதமாகப் பெயரில்லாமல் கிடந்ததை இன்று இனம் வரை உறுதி செய்து, 'நம் தோழிக்கு அஞ்சலி' என்று எழுதியிருக்கிறார்கள். ஆத்திரத்தில் ஃபோனையே பார்த்துக்கொண்டு ஊட்டியதில், சோறு குழந்தையின் சட்டையில் விழுந்தது.

ஒரே ஒரு படம் அது. அதுவும் முதுகு.

விலங்கியல் படித்த மூன்று வருடமும் இதற்குத்தானே என்னைத் திட்டினாய். இந்த ஈயில் ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு இனம் உண்டு; கண்ணில் புள்ளி, மார்பில் கோடு, மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றேதான். நான் முதுகைப் படம் பிடித்துவந்து பெயர் சொல்வேன். "முதுவ பாத்து பேர் சொல்ற, நீ இன்னா ஜோசியக்காரியா? மூஞ்சி எங்கடி? பின்னங்கால் எங்க?" என்பாய். முகத்தின் நடுவே கறுப்புக் கோடு உண்டா, பின்தொடையில் கறுப்பு எதுவரை, இரண்டும் தெரியவேண்டும். முதுகு, பக்கம், முகம். ஒன்று குறைந்தாலும் இனத்தைச் சொல்லாமல், அதற்கு மேலே உள்ள பேரினத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

திருவொற்றியூர் கால்வாயோரம் நீ படம் எடுக்க, மூக்கைப் பொத்திக்கொண்டு உனக்குக் குடை பிடித்திருக்கிறேன். "சாக்கடைல பொறந்து, தேனீ மாரி சீன் போட்டுனு கீது பாரு. நம்ம ஏரியா பொண்ணுடி இது," என்று சிரித்தாய்.

அவ்வளவு கறாரான நீ எனக்கு என்ன செய்தாய்? கடைசி இரண்டு மாதம் வெறும் ஈ படங்களாக அனுப்பினாய். வீடியோ காலில் வந்தால் கேமராவைப் பூப்பக்கம் திருப்பிக்கொண்டாய். "மூஞ்சிய காட்டுடி" என்றேன். "என் மூஞ்சில இன்னா கோடு தேடப்போற?" என்றாய். சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். உன் கண் மஞ்சளாகிக் கிடந்ததை மருத்துவமனையில்தான் பார்த்தேன். காமாலைக்கு வாரக்கணக்காக நாட்டு மருந்து குடித்தாயாம். நான் பயந்து ஊரைக் கூட்டுவேன் என்று மறைத்தாயாம். ஆமாம், கூட்டியிருப்பேன். உன்னை இழுத்துக்கொண்டு போயிருப்பேன். குரலை மட்டும் கேட்டு, நன்றாக இருக்கிறாய் என்று முடிவு கட்டினேனே, என் மேலேயே அந்த ஆத்திரம் வேறு.

குழுவில் எழுதினேன்: "முகம் இல்லை, பக்கம் இல்லை. பேரினத்தோடு நிறுத்துங்கள்." மூத்தவர் ஒருவர், "அஞ்சலிதானேம்மா, விடுங்களேன்" என்றார். குழுவில் இருக்கும் புளியந்தோப்புப் பையன் ஒருவன் எனக்குத் தனியாகச் செய்தி போட்டான்: "இன்னாக்கா, செத்துப்போனவங்க மேல உனுக்கு இன்னா கோவம்?"

நிறைய கோபம்தான். அதற்காக உன் பேரில் ஒரு பொய் நிற்க விடமாட்டேன். நான்கு தடவை எழுதினேன். குழந்தை தூங்கியபிறகு பார்க்கிறேன், பெயரை எடுத்துவிட்டார்கள். பேரினம் மட்டும் நிற்கிறது. நீயாக இருந்தாலும் அங்கேதான் நிறுத்தியிருப்பாய்.

தினமும் காலையில் மகளை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, கீழிமையை இழுத்துப் பார்க்கிறேன். அப்புறம் நாக்கு, அப்புறம் நகம். "வுடும்மா" என்று கையைத் தட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

நான் விடுவதில்லை.