பெல்ட்டில் நாலு ஆணி ஓட்டை

மச்சான்,

இன்று காலை, வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்த ஆள் பரணைக் காலி செய்யும்போது ஒரு பெல்ட்டைக் கீழே வீசினான். செத்த சாரைப் பாம்பு மாதிரி என் காலடியில் வந்து விழுந்தது. தூசி தட்டிப் பார்த்தால் உன் பெல்ட். கடைக்காரன் போட்டுக் கொடுத்த ஓட்டை ஐந்து. அதைத் தாண்டி, ஆணி வைத்து நீயே அடித்துக்கொண்ட ஓட்டை நாலு. நடுவில் பல் பதிந்த தடம்.

ஏணியில் நின்றபடியே அவன் கேட்டான். "இன்னாண்ணா, லைன்ல மூணு பேர பானாவால சாச்சாரே உன் மச்சான், அவுரு பெல்ட்டா இது?"

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை டிரெய்லர் ஓட்டுகிற அத்தனை பேரிலும் வாய் என்றால் நான்தான் என்பது உனக்குத் தெரியும். ஹாரன் வேலை செய்யாத வண்டியில், வெறும் அதட்டலிலேயே ரயில்வே கேட்டைத் திறக்க வைத்தவன் நான். எட்டாம் வகுப்பை இரண்டு வருடம் படித்தவன். ஒரே வருடத்தில் முடித்தவனைவிட இரட்டிப்புப் படிப்பு. அப்படிப்பட்டவன் வாயடைத்து நிற்பதை உன் அக்கா ஸ்டெல்லா சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். டீ வாங்கி வருகிறேன் என்று பிளாஸ்கையும் பெல்ட்டையும் எடுத்துக்கொண்டு கல்மண்டபத்துக்கு வந்துவிட்டேன். பக்கத்து மளிகைக் கடையில் ஒரு நோட்டு வாங்கி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவன் கேட்டதற்குப் பதிலை முதலில் உனக்குச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கைக்குப் பழக்கமில்லை, கொஞ்சம் பொறுத்துக்கொள்.

துறைமுக கேட்டுக்குக் கண்டெய்னர் வண்டிகள் நிற்கும் வரிசை அன்றைக்குத் திருவொற்றியூர் தாண்டியும் நின்றது. ஐம்பது கிலோமீட்டர் என்று எழுதப் போனேன், ஐந்தாறு இருக்கும். லைனில் நிற்பவனுக்கு லைன்தான் உயிர். காலையிலிருந்து நிற்கிறவன் முன்னால் ஒருவன் வண்டி மூக்கை நுழைத்தால் அங்கே வாய் பேசாது, கைதான் பேசும். அன்று நுழைந்தவன் முகத்துவாரக்குப்பத்து மீனவன் டில்லியின் தம்பி. என் வண்டிக்கும் உன் வண்டிக்கும் நடுவில் நுழைந்தான். நீ பின் டயர் நட்டை முடுக்கிக்கொண்டிருந்தாய். அதனால் கையில் அந்த இரும்புப் பானாவோடு எழுந்து வந்தாய்.

"இன்னாடா, பானா காட்டுற?" என்று கத்திக்கொண்டே அவன் வண்டியிலிருந்து குதித்தான். படியில் எண்ணெய். கால் வழுக்கி, பம்பர் முனையில் தாடை போய் மோதியது. முறுக்கு உடைகிற மாதிரி ஒரு சத்தம். தார் ரோட்டில் ரத்தம், ரத்தத்தில் இரண்டு பல். நீ பானாவைக் கீழே போட்டாய். அவன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, உன் கேன் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டாய். கொதிக்கிற தாரில் உன் முட்டி வெந்ததைக்கூட நீ கவனிக்கவில்லை.

மற்றவர்கள் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முதலிலிருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான்.

அன்று சாயங்காலம் இதே டீக்கடையில் அதைச் சொல்ல ஆரம்பித்தேன். மச்சான் பானாவை ஓங்கினான் என்றேன். கடைக்காரர் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்தக் கை நின்றதே, அது போதை மச்சான். அந்தப் போதையில், கதைக்குள் பானாவை ஒரு வீச்சு வீசினேன். மறுநாள் காசிமேட்டில் சொன்னபோது அடி வாங்கியவர்கள் மூன்று பேர். அந்த வாரம் முடிவதற்குள் பானாவே வளைந்துவிட்டது.

நீ என்னை வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்க் கேட்டாய். "மாமா, நான் எங்க அட்சேன்? தூக்கித் தண்ணி குட்த்தேன். அத்த சொல்லு."

"தண்ணி குட்த்த கதைய எவன்டா கேப்பான்?"

"அவனுங்க நம்பிடுவானுங்க மாமா."

நான் சிரித்தேன். அவர்கள் நம்பினார்கள். ஏன் நம்பினார்கள் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. வழுக்கி விழுந்தான் என்றால் அந்தத் தம்பியைப் பார்த்துக் குப்பமே சிரிக்கும். மூன்று பேரைச் சாய்த்தவனிடம் அடி வாங்கினான் என்றால் அது மரியாதை. தாடைக்குக் கம்பி கட்டிய வாயை வைத்துக்கொண்டு அவனும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டான். என் பொய்க்கு அடிபட்டவனே சாட்சி.

முதலில் கல் வந்தது. ஓடுகிற வண்டியின் கண்ணாடியை உடைத்து உன் புருவத்தைப் பிளந்தது. அடுத்த வாரம் நாலு டயரைக் குத்திக் கிழித்திருந்தார்கள். நீ பூசைக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டுக்குக் கீழே நீ குடியிருந்த அறைக் கதவில் மீன் வெட்டும் கத்தியால் ஏழெட்டுக் கொத்து. டில்லி சொல்லியனுப்பியது ஒரே செய்தி. "அட்ச்ச கைய எட்த்துகினு போவேன்னு சொல்லு."

அதிலிருந்து நீ சோற்றில் கை வைக்குமுன் அந்தக் கையைப் பார்க்க ஆரம்பித்தாய். ஸ்டெல்லா நெத்திலிக் குழம்பு வைத்தால் தட்டில் மலை மாதிரி போட்டுக்கொள்கிறவன், நாலு உருண்டையோடு எழுந்துவிட்டாய். காது முழுக்க வாசலில். ஆட்டோ நின்றால் எழுவாய், நாய் குரைத்தால் எழுவாய். எழுபத்தெட்டுக் கிலோ ஆள், மூன்று மாதத்தில் ஐம்பதுக்கு வந்துவிட்டாய். மாதத்துக்கு ஒரு ஓட்டை, ஒரு மாதம் இரண்டு. "எளச்சதும் ஹீரோ கணக்கா கீறடா" என்று முதுகில் தட்டினேன். கையில் எலும்புதான் பட்டது.

இளைத்த பிறகு வந்தது வலி. இரண்டு வாய் சோறு இறங்கினால் போதும், மேல்வயிறு தவில் மாதிரி உப்பிக்கொள்ளும். "உள்ள எவனோ கயிறு போட்டு இறுக்குறான் மாமா" என்பாய். அப்புறம் பச்சையாக வாந்தி. வாந்திக்குப் பயந்து சோற்றைக் குறைத்தாய். குறைக்கக் குறைக்க இளைத்தாய். இளைக்க இளைக்க வலி கூடியது. சாப்பிட்டதும் தரையில் முட்டி போட்டு, நெஞ்சைத் தாழ்த்தி, நெற்றியைத் தரையில் வைத்துக் கவிழ்ந்து கிடப்பாய். ஜெபம் செய்கிறாய் என்று நினைத்து ஸ்டெல்லாவும் ஜெபமாலையோடு பக்கத்தில் முட்டி போட்டாள். நீ பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாய். "ஜெபம் இல்லக்கா. இப்டி கவுந்தாதான் வலி கம்மியா கீது."

அப்போதும் நான் ஊரெல்லாம் சொன்னது என்ன தெரியுமா? மூன்று பேரோடு மோதியதில் உள்காயம் என்று. சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மையாகிவிட்டது. குடல் ஏறியிருக்கும், தட்டி இறக்கினால் சரியாகும் என்று காசிமேட்டிலிருந்து ஒரு ஆளைக் கூட்டி வந்தேன். விளக்கெண்ணெயை ஊற்றி, விலாவிலிருந்து கீழே முஷ்டியால் இழுத்து இழுத்துப் பிசைந்தான். நான் உன் தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். கத்தக் கூடாது என்று நீ இந்தப் பெல்ட்டைக் கடித்துக்கொண்டாய். அந்தத் தடம்தான் இது.

சரியாகவில்லை என்றதும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். என்ன ஆச்சு என்று டாக்டர் கேட்டார். கேட்டது உன்னை. வாய் திறந்தது நான். "மூணு பேரோட சண்ட சார். வயித்துல ஒத. உள்காயம்." அவர் என்ன செய்வார், சொன்னதைத்தானே தேடுவார். ஈரல் கிழிந்திருக்கிறதா, உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறதா என்று படமெடுத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. அடி ஆறிவிட்டது என்று கேஸ் மாத்திரை கொடுத்து அனுப்பினார். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு நீ என்னையே பார்த்தாய். ஏன்டா அப்போதே வாயைத் திறக்கவில்லை என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "மாமாவ நாலு பேரு முன்னால பொய்யன்னு எப்டி சொல்றது" என்றாய்.

அந்த மாத்திரையிலேயே ஒரு மாதம் ஓடியது.

குழாயடியில் மயங்கி விழுந்த பிறகு மறுபடி கொண்டுபோனோம். இந்தத் தடவை ஒரு டாக்டரம்மா. நான் "சண்டையில" என்று ஆரம்பித்ததும் கையை நீட்டி நிறுத்தினார். "நீங்க பேசாதீங்க. அவர் பேசட்டும்." உன் பக்கம் குனிந்து, வலி வந்து இளைத்தீர்களா, இளைத்த பிறகு வலி வந்ததா என்று கேட்டார்.

"எளச்ச பொறவுதான் மேடம் வலி."

"அடி பட்டுதா?"

"யாரும் அடிக்கல. நானும் யாரையும் அடிக்கல. பயந்தான் மேடம்."

வார்டு முழுக்கக் கேட்டது. என்னை யாரோ பின்மண்டையில் போட்ட மாதிரி இருந்தது.

வேறு மாதிரி படமெடுத்துவிட்டு அவர் எனக்குப் புரியும்படி சொன்னார். வயிற்றுக்குள் ஒரு பெரிய ரத்தக் குழாய்க்கும் குடலுக்கும் நடுவே மெத்தை மாதிரி கொழுப்பு இருக்குமாம். ஆள் ஒரேயடியாக இளைத்தால் மெத்தை கரைந்துவிடும். ரத்தக் குழாய் குடலின் மேல் படிந்து அமுக்கும். தண்ணீர் பைப் மேல் வண்டிச் சக்கரம் ஏறி நிற்கிற மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். நீ கவிழ்ந்து கிடந்தாயே, அப்போது சக்கரம் கொஞ்சம் விலகியிருக்கிறது. மூக்கு வழியாகக் குழாய் விட்டு, அமுங்கிய இடத்தைத் தாண்டிச் சத்து செலுத்தினார்கள். எடை ஏறினால் மெத்தை திரும்ப வரும், வராவிட்டால் ஆபரேஷன் என்றார். நீ படுக்கையிலும் கதவையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்து, "இந்தப் பயம் போனாத்தான் இவர் தேறுவார்" என்றும் சொன்னார்.

மறுநாள் பஸ் ஏறி முகத்துவாரக்குப்பம் போனேன். டில்லியும் தம்பியும் மணலில் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் பத்திருபது பேர். நூறு என்று எழுதவில்லை பார். எல்லோர் முன்னாலும் சொன்னேன். "உன் தம்பிய எவனும் அடிக்கல. வழுக்கி வுந்தான். தூக்கித் தண்ணி குட்த்தவன் என் மச்சான். அட்ச்சான்னு சொன்னது என் வாயி."

முதலில் எழுந்தவன் டில்லி இல்லை, தம்பி. அவன் விழுந்ததை ஊர் முன்னால் அவிழ்த்துவிட்டேனே. கையில் கிடைத்த துடுப்பால் வாயிலேயே போட்டான். மண்ணில் விழுந்தேன். விலாவில் மிதித்தான். தலையில் விழுந்த அடியை இடது கையால் தடுத்தேன், சுண்டு விரல் நொறுங்கியது. நான் திருப்பி அடிக்கவில்லை மச்சான். ஒரு குத்தாவது சேர்த்துக்கொள்ளலாமா என்று இந்தப் பேனா இப்போதும் துடிக்கிறது. இல்லை, ஒரு குத்துகூட இல்லை. வாய் நிறைய ரத்தமும் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த மணலும்.

துடுப்பைப் பிடித்து நிறுத்தியது டில்லி. "வழுக்கி வுந்தியாடா?" என்று கேட்டான். "கடலப் பாத்து சொல்லு." தம்பியின் தலை தொங்கியது. டில்லி அவனை அறைந்த அறையில் கம்பி கட்டியிருந்த தாடை மறுபடி போயிருக்கும் என்று நினைத்தேன். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னான். "போ. இனிமே எவனும் வர மாட்டான்."

வாய் வீங்கி, கையில் கட்டோடு வார்டுக்கு வந்தேன். மூக்கில் குழாயோடு நீ கேட்டாய். "எத்தினி பேரு மாமா?"

"ஒருத்தன்."

"ஒருத்தன்தானா?"

"ஒருத்தன்தான்டா. அதுவும் ஒல்லிப் பையன்."

நீ சிரித்தாய். சிரித்ததில் குழாய் இழுத்து வலித்தது, அப்போதும் சிரித்தாய். அதன் பிறகு வாசலுக்கு முதுகு காட்டிப் படுத்தாய். ஐந்தாம் நாள் வாய் வழியாக இரண்டு கரண்டி கஞ்சி. ஒரு கிலோ ஏறியது. பத்துக் கிலோ என்று வார்டு முழுக்கச் சொன்னேன், அதை மட்டும் நீ தடுக்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலை ஸ்டெல்லா கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாய். வாந்தியிலும் பட்டினியிலும் உடம்பின் உப்பெல்லாம் இறங்கிப்போய் நெஞ்சு நின்றுவிட்டது என்றார் டாக்டரம்மா. "ஒரு மாசம் முன்னாடி தெரிஞ்சிருந்தா" என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த ஒரு மாதம் யார் வாயில் போனது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கல்லறைத் தோட்டத்துக்கு டில்லியும் தம்பியும் வந்தார்கள். அந்தத் தம்பி ஒரு பிடி மண்ணோடு குழியருகே வெகுநேரம் நின்றான். அங்கேயே எனக்குப் பின்னால் ஒருவன் பேசிக்கொண்டிருந்தான், மூன்று பேரைச் சாய்த்த கை, உள்காயம் கொன்றுவிட்டது என்று. திரும்பி அவன் காலரைப் பிடித்துவிட்டேன். துக்கத்தில் மாமாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார்கள். அன்றிலிருந்து சொல்கிறேன், லைனில் சொல்கிறேன், இந்தக் கடையில் சொல்கிறேன். இப்போதுகூடக் கடைக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். டீ ஆற்றுகிற கை நிற்கவில்லை. நான் செய்த பொய் மச்சான், அது உடைய மாட்டேன் என்கிறது.

இரு, வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன்.

போய்ச் சொல்லிவிட்டேன். "இது அவன் பெல்ட்டுதான்பா. அவன் யாரையும் அடிக்கல. வுந்தவனத் தூக்கித் தண்ணி குட்த்தான். அவ்ளோதான்." பிரஷ்ஷைச் சுண்ணாம்பில் முக்கிக்கொண்டே, "அவ்ளோதானாண்ணா?" என்றான். முகத்தில் ஏமாற்றம். ஸ்டெல்லா என் கையிலிருந்த பிளாஸ்கை வாங்கிக்கொண்டாள்.

பெல்ட்டை இடுப்பில் போட்டுக்கொண்டேன். நீ ஆணி வைத்து அடித்த முதல் ஓட்டை எனக்குச் சரியாக இருக்கிறது. நாளைக்கு மறுபடி லைன். கியர் போடும்போதெல்லாம் அந்தச் சுண்டு விரல் குத்தும். இப்போதெல்லாம் சீட்டுக்குப் பக்கத்தில் கேன் நிறையத் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டுதான் வண்டியை எடுக்கிறேன்.