உன் பேரில் ஓடும் பேட்டரி வண்டி

ஒருநாளும் நேரில் பார்க்காமலே பதினோரு வருடமாக ஒரே வீட்டில் கூடக் குடித்தனம் நடத்தும் என் அமுதா அக்காவுக்கு,

நான் கௌரி. நீ கண்ணை மூடிய மறுவருடம் மடுகரைக்கு உன் இடத்தில் வாழ வந்தவள். உன் இடம் என்று ஊர்தான் சொல்கிறது. அந்த இடத்தைவிட்டு நீ எங்கே போனாய்? நான்தான் பக்கத்தில் ஒண்டிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். ஏழு வயதிலிருந்து அவளுக்குத் தலை பின்னி, சோறு ஊட்டி, ஸ்கூல் மீட்டிங்குக்கெல்லாம் போய் உட்கார்ந்தவள் நான். ஆனால் அவளை யார் பார்த்தாலும் அப்படியே அமுதாதான் என்கிறார்கள். என் கை பட்ட இடம் எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை.

எனக்கு உன்மேல் பொறாமை, அக்கா. செத்துப்போனவள்மேல் என்ன பொறாமை என்று கேட்பவர்கள் என் வீட்டில் ஒரு மாதம் இருந்து பார்க்கட்டும். சுமங்கலியாகப் போனவள் என்று உன்னைப் பூவாடைக்காரியாக வைத்து வருடா வருடம் சேலை வைத்துப் படைக்கிறோமே, அந்தச் சேலையை எடுக்க நம் வீட்டுக்காரர் நாலு கடை ஏறி இறங்குவார். நிறம் பார்ப்பார், கரை பார்ப்பார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். எனக்கு எடுக்கும்போது மட்டும், உனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு வெளியே டீ குடிக்கப் போய்விடுவார். படையல் முடிந்ததும் அந்தச் சேலையை வீட்டுக்காரி கட்டிக்கொள்வது முறை. அவர் ஆசையாகப் பார்த்துப் பார்த்து எடுத்த சேலைகள் எல்லாம் அப்படித்தான் என்னிடம் வந்து சேர்ந்தன.

இப்போது வண்டிச் சேதிக்கு வருகிறேன். உன் கழுத்துச் செயினைக் கழற்றிக் கொடுத்து வாங்க வைத்தாயே, அந்தப் பழைய டீசல் வண்டி. வாழைத்தாரும் கத்திரிக்காய் மூட்டையுமாக எத்தனை வருடம் பாண்டி மார்க்கெட்டுக்கு ஓடியது! கண்ணாடிக்கு மேலே 'அமுதா' என்று உன் பேர். இந்த வருடம் அதற்கு வயதாகிவிட்டது. புது வண்டி எடுத்தே ஆக வேண்டிய நிலை.

எடுப்பது எதை என்பதில்தான் சண்டை. கேஸிலும் ஓடும், பெட்ரோலிலும் ஓடும் வண்டி ஒன்று. முழுக்க முழுக்க பேட்டரியில் ஓடும் வண்டி இன்னொன்று. நான் சும்மா இருக்கவில்லை, அக்கா. பாகூரில் பேட்டரி வண்டி வைத்திருக்கும் ஒருவரிடம் போய், சுமையோடு எவ்வளவு தூரம் ஓடுகிறது, மழையில் எப்படி, கரண்ட் போனால் என்ன செய்கிறார் என்று எல்லாம் கேட்டு வந்தேன். நம் ஓட்டமெல்லாம் பாகூர், வில்லியனூர், பாண்டி மார்க்கெட். சாயங்காலம் வந்து வீட்டில் ப்ளக்கைச் சொருகினால் காலையில் தயார். கேஸ் பங்க் வரிசையில் வாழைத்தாரோடு வெயிலில் நிற்க வேண்டியதில்லை.

நம் வீட்டுக்காரர் நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "செங்கத்துக்கு எப்படிப் போறது?" என்றார்.

செங்கம் உன் அம்மா ஊர். வருடத்துக்கு ஒருமுறை, ஆடி மாதத்தில், உன் மகளை ஏற்றிக்கொண்டு, ஒரு வாழைத்தாரும் அரிசி மூட்டையும் வைத்துக்கொண்டு அவர் அங்கே போய் வருவார். என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை; நானும் கேட்டதில்லை. ஒரு சார்ஜில் போய்த் திரும்ப முடியாத தூரம் அது. வருடம் முழுக்க நான் சொன்ன கணக்கு ஒரு பக்கம், உன் ஊருக்குப் போகும் அந்த ஒரே நாள் மறுபக்கம். ஒரு நாளே ஜெயித்தது. எனக்கு வயிறு எரிந்தது.

"நீ ஒண்ணு சொல்ற, எனக்கு ஒண்ணு தோணுது. அமுதாவக் கேட்டுடலாம்" என்றார் கடைசியில். உன் படத்துக்கு முன்னால் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. ஒரு பொட்டலத்தில் வெள்ளை, ஒரு பொட்டலத்தில் சிவப்பு. வெள்ளை வந்தால் பேட்டரி, சிவப்பு வந்தால் கேஸ். உயிரோடு இருக்கும் நான் வாய் வலிக்கச் சொன்னதை விட்டுவிட்டு, பேசாத உன்னிடம் கேட்கிறார். இது எந்த ஊர் நியாயம், அக்கா? நீயே சொல்லேன்.

பூப்பறித்துப் பொட்டலம் கட்டுவது என் வேலை. வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். நந்தியாவட்டையைப் பறித்தேன். பக்கத்தில் செவ்வரளி பூத்துக் குலுங்கியது. கை அதன் பக்கம் போகவில்லை. இரண்டு வாழையிலைத் துண்டிலும் வெள்ளையையே வைத்துக் கட்டினேன்.

ஆமாம், உன் முன்னாலேயே திருட்டுத்தனம் செய்தேன். அவர் கற்பூரம் காட்டி, கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. இன்னொன்றைப் பிரிக்காமலே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வாய்க்காலில் விட்டுவிடுகிறேன் என்று போய்விட்டார். எனக்கு உயிரே திரும்பி வந்தது.

ஆனால் நடந்ததைப் பார். அன்று பொழுது சாய்வதற்குள் தெருவெல்லாம் ஒரே பேச்சு. அமுதா பேட்டரி வண்டிதான் எடுக்கச் சொல்லிவிட்டாளாம், எவ்வளவு விவரம், போனபின்னும் குடும்பத்தை எப்படிக் காக்கிறாள் என்று. பாகூருக்கு பஸ் ஏறிப் போய் விசாரித்தவள் நான், பேர் உனக்கு. திருடியும் எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

வண்டி வந்தது. பெயிண்டர் வந்து உன் பேரை எழுதினார். யாரையும் கேட்காமலே எழுதினார், பழக்கம். நான் உள்ளே போய்ப் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து சட்டைப் பையிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தார். வாழையிலை காய்ந்து சுருண்டு, உள்ளே பழுத்துப்போன நந்தியாவட்டை தெரிந்தது.

"பூ எடுக்கறதுக்கு முன்னயே தெரியும்" என்றார். "செடியில செவ்வரளி ஒண்ணுகூடக் கொறையில. வேற யாராவது பிரிச்சுப் பாத்தா உன் மானம் போயிடும்னுதான் பையில போட்டுக்கினேன்."

தெரிந்தும் ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன். அழுகை வந்துவிட்டது.

"அவளக் கேக்காம வண்டி எடுக்க எனக்கு மனசு வரல. அவ செயின்ல வந்த பொழப்பு. அவளயும் கேட்டேன், உன் பேச்சயும் கேட்டேன். இதுக்கு இன்னாத்துக்கு அழுவுற?"

அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம். என் பேச்சைத்தான் கேட்டிருக்கிறார்! மறுநாள் காலையிலேயே பழையபடி புகைச்சல் வந்துவிட்டது. என் பேச்சைக் கேட்பதற்கும் உன்னைத் தாண்டித்தான் வர வேண்டியிருக்கிறதே என்று. என்னைத் திருத்த முடியாது, அக்கா.

ஆனால் போன வாரம் ஒன்று நடந்தது. ஆடி பிறக்கப் போகிறதே, செங்கத்துக்கு எப்படி என்று உன் மகள் கேட்டாள். "நாம பஸ்ல போயிக்கலாம்மா" என்றார் அவர். என் பக்கம் திரும்பக்கூட இல்லை, குத்திக்காட்டவும் இல்லை. வாழைத்தாரையும் அரிசி மூட்டையையும் வைத்துக்கொண்டு அந்த மனுஷன் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். நான் வெள்ளைப் பூவால் உன்னைத்தான் ஜெயித்தேன் என்று நினைத்திருந்தேன். உண்மையில் பறிக்கப் பார்த்தது வயதான உன் அம்மாவுக்கு வருடத்தில் வரும் ஒரு நாளை. அதுதான் இந்தக் கடிதம்.

வண்டியில் உன் பேர் இருக்கட்டும். ஆனால் தினமும் சாயங்காலம் ப்ளக்கைச் சொருகுவது நான்தான், அக்கா. நான் மறந்தால் காலையில் உன் பேர் வாசலைத் தாண்டாது. அந்தப் பெருமை எனக்குப் போதும் என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் போதும்.

இந்த ஆடிக்கு வண்டியிலேயே போகிறோம். முழுசாக சார்ஜ் ஏற்றி, வழியில் திருவண்ணாமலையில் ஒரு தடவை போட்டுக்கொண்டால் செங்கம் போய்விடலாம் என்று கேட்டு வைத்திருக்கிறேன். திரும்பி வருவதற்கு உன் அம்மா வீட்டில்தான் போட வேண்டும். வீட்டு ப்ளக்கில் மெல்லத்தான் ஏறும். வந்தோம், பார்த்தோம், கிளம்பினோம் என்று ஓடிவர முடியாது.

நானும் வருகிறேன். உன் அம்மா என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் சரி, உன்னைப் பற்றியே பேசிப் பேசி என்னைப் புகைய வைத்தாலும் சரி. வொயரை என் கையால் சொருகிவிட்டு, சார்ஜ் முழுசாக ஏறும்வரை அந்த வீட்டில் உட்கார்ந்திருப்பேன். நடுவில் எழுந்திருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
இந்த வருடப் படையல் சேலையை உனக்குத் தானே பார்த்து எடுக்கப்போகும்
உன் தங்கச்சி கௌரி