படத்தின் ஓரத்தில் ஒரு கை

சென்னை, செவ்வாய்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் சுகம். மலையில் குளிர் எப்படி, உங்கள் மூட்டுவலி தேவலையா?

பயப்பட ஒன்றுமில்லை. இணைய ஏலத்துக்கு வரும் படங்களை வெட்டி அளவு குறைப்பதுதானே என் வேலை? நேற்று ஒரு பழைய வெண்கல மணி வந்தது. நம் அம்மன் கோயில் மணி போலவே விளிம்பில் விரிசல். தூக்கிப் பிடித்திருந்த கையில் உங்களைப் போல ஆறு விரல்.

"இன்னாடி, அந்தப் படத்தையே பாத்துக்கினு கீற?" என்றாள் பக்கத்து சீட்டு மஞ்சுளா. கையை வெட்டிவிட்டு மணியை மட்டும் ஏற்றினேன். முழுப் படம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கிறது.

இந்த வருஷம் கோயில் சாமான் வைத்திருக்கும் முறை நம் வீட்டுக்குத்தானே? போனில் கேட்க வாய் வரவில்லை. பக்கத்து வீட்டு சின்னராஜ் அண்ணனிடம் அவர் போனில் கோயில் மணியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் பிடிக்க வேண்டாம், தரையில் வைத்தால் போதும்.

உங்கள் மகள்,
கோகிலவாணி